மதகில் வாய் வைத்த உத்திராபதி

காரைக்கால் பக்கத்தில் வாய்க்கால் கரையோரம் ஒரு கள்ளுக்கடை. உத்திராபதி ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அங்கே வருவார். ஒரு மொந்தை கள் வாங்குவார். ஒரு மணி வரைக்கும் அந்த ஒன்றை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஈ விழுந்தால் விரலால் எடுத்துச் சுண்டிவிட்டுப் பேச்சைத் தொடர்வார். வயிற்றில் பழைய அல்சர். ரெண்டு துண்டு கெளுத்தி மீனுக்கு மேல் உள்ளே இறங்காது. இறங்காததையெல்லாம் வாயாலேயே சரிக்கட்டிவிடுவார்.

அன்றைக்குக் காலையில் அவர் மனைவி தெளிவாகச் சொல்லியிருந்தாள். "திலகவதிக்கு வந்திருக்கிற வரன், பேரளத்துக்காரங்க. ஒண்ணு ரெண்டு நாள்ல ஆளு விட்டு விசாரிப்பாங்களாம். கல்யாணம் முடியுற வரைக்கும் அந்தக் கடைப் பக்கம் தலை காட்டாதே."

"நான் ஏன் போறேன்?" என்று சொல்லிவிட்டு, நேராக அங்கேதான் வந்தார். இந்த வரன் தட்டிப்போனால் மகளுக்கு முப்பது தாண்டிவிடும் என்ற கவலையைக் கொஞ்சம் ஆற்றிக்கொள்ள வேறு இடம் அவருக்குத் தெரியவில்லை.

கடையில் எப்போதும் இருக்கிறவர்களோடு, வெள்ளை வேட்டியும் குடையுமாகப் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் நண்டு வறுவல் மட்டும் இருந்தது. தன் கதைகளைக் கேட்டிராத காது ஒன்று கிடைத்துவிட்டது என்று உத்திராபதிக்குத் தெம்பு வந்துவிட்டது.

"நண்டுன்னு சொன்னா ஒண்ணு ஞாபகம் வருது" என்று ஆரம்பித்தார். நண்டு என்று யாரும் சொல்லவில்லை. "கல்யாணம் ஆன புதுசு. மாமனார் வீட்டு விருந்து. வயல் நண்டு வறுத்து வச்சாங்க. நான் பாட்டுக்குத் தின்னுக்கிட்டு இருக்கேன். சாயங்காலம் பாத்தா மூணு ஊரு வயல்ல ஒரு நண்டு கிடையாது. மிச்சம் மீதி இருந்ததெல்லாம் குஞ்சு குளுவானோட நாகூர் ரோட்டுல வரிசையாப் போவுது."

"பக்கவாட்டுலதானே?" என்று கேட்டார் டெய்லர் மதியழகன்.

"பயத்துல நேராவே போச்சுய்யா! அதுதானே அதிசயம்!"

குடைக்காரர் நண்டுக் காலைக் கடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "தின்னது சரி. குடிக்கிறதுல எப்படி?" என்று மெதுவாகக் கேட்டார்.

இப்படிக் கேட்டு உத்திராபதியிடம் யாரும் தப்பியதில்லை. "குடிக்கிறதா? தென்னந்தோப்புக்காரர் ஒருத்தர் பந்தயம் கட்டுனாரு. மரத்துலேர்ந்து இறக்க இறக்கக் குடிச்சேன். இறக்குறவன் களைச்சுப்போயிக் கீழ படுத்துட்டான். எனக்குத் தாகம் நிக்கல. மரத்து அடியிலேயே வாயை வச்சு ஒரு உறிஞ்சு உறிஞ்சினேன் பாரு, நாப்பதடி மரம் நாலடியா இறங்கி வந்துருச்சு. இன்னிக்கும் அந்தத் தோப்புல உக்காந்துக்கிட்டே இளநி பறிக்கலாம்."

அடுப்படியிலிருந்து சவரியம்மா எட்டிப் பார்த்தாள். குழம்பு வைப்பதும் ஊற்றிக் கொடுப்பதும் அவள்தான். "அண்ணே, மொந்தையில இருக்கிறது புளிச்சுப்போச்சு. முதல்ல அதக் குடிச்சு முடிங்க" என்றாள்.

"இரு தாயி, முக்கியமான கட்டம்." உத்திராபதி குடைக்காரர் பக்கமாக நன்றாகத் திரும்பிக்கொண்டார். "அந்தப் பெரு வெள்ளத்து வருஷம். நூறு பீப்பாய் கள்ளு ஏத்திக்கிட்டு வந்த தோணி இதோ இந்த வாய்க்கால்ல கவுந்துபோச்சு. அம்புட்டும் தண்ணியில கலந்துருச்சு. ஊரே வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்குது. நான் வேட்டிய மடிச்சுக் கட்டுனேன். மதகுல குப்புறப் படுத்தேன். வாயை வச்சேன்."

"வச்சு?"

"ஒரே இழுப்பு. கடல் முகத்துலேர்ந்து தலைமதகு வரைக்கும் வாய்க்கால் காலி. மீனெல்லாம் போதையில சேத்துல படுத்துக்கிட்டு ஒண்ணுக்கொண்ணு மாமன் மச்சான்னு கட்டிப் பிடிச்சு அழுவுது. இன்ஜினியர் ஜீப்புல ஓடியாந்து, 'ஐயா, சம்பாவுக்குத் தண்ணி வேணுமே'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. விவசாயி வயித்துல அடிக்கலாமா? தண்ணிய மட்டும் தனியாத் திருப்பி விட்டேன்."

"கள்ளு?" என்றார் மதியழகன்.

"அது உள்ளயே நின்னுருச்சு. அந்த வருஷம் தீபாவளி வரைக்கும் நான் கடைப் பக்கமே வரல. தேவைப்படல."

கடையே சிரித்தது. குடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சவரியம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த ஊர்ல உத்திராபதின்னு ஒருத்தர். பொண்ணு பேரு திலகவதி. என் பையனுக்குப் பேசியிருக்கு. என் பேரு பூவராகன், பேரளம். டீக்கடையில கேட்டா எல்லாரும் நல்லவருன்னுதான் சொல்லுவாங்க, அதான் இங்க வந்தேன். ஆளு குடிப்பாரா?"

சவரியம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மதியழகன் வாய்க்காலைப் பார்த்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் எங்கெங்கோ பார்த்தார்கள், உத்திராபதியைத் தவிர.

உத்திராபதிக்கு மெல்ல எழுந்து கரையோடு போய்விடலாமா என்று ஒரு நினைப்பு. போனாலும், பெண் பார்க்க வரும்போது இதே குடைக்காரர்தானே வாசலில் வந்து நிற்பார். புதுக் கண்ணாடி முன்னால் நின்று மகள் நேற்று முன்தினம் காதில் கம்மலை மாற்றி மாற்றிப் பார்த்தது ஞாபகம் வந்தது. எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டினார்.

"ஐயா, நான்தான் உத்திராபதி."

பூவராகன் குடையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் இதுவரைக்கும் சொன்னது அத்தனையும் புளுகு. நண்டு புளுகு. தென்னமரம் புளுகு. வாய்க்கால்ல நான் கால்தான் கழுவியிருக்கேன். எனக்கு வயித்துல புண்ணு. வாரத்துக்கு ஒரு மொந்தை, அதுலயும் பாதி மிச்சம். என் பொண்ணு மேல சத்தியம்." இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் அவர் பேசிய முதல் உண்மை அது. பேசிப் பழக்கமில்லாததால் பொய் சொல்கிறவன் மாதிரியே திக்கித் திக்கி வந்தது.

"ஆமாங்கய்யா, ஒரே மொந்தைதான்" என்றாள் சவரியம்மா. "நான்தானே ஊத்துறேன்."

"ஒரே மொந்தைதான்" என்றார் மதியழகனும்.

பூவராகன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குடையைச் சுவரோரம் சாத்தினார். சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"குடிக்காத சம்பந்தியாப் பாத்துட்டு வாங்கன்னுதான் என் வீட்டம்மா அனுப்புனா. அப்படி ஒரு ஆளு வந்து சேந்தா தீபாவளி பொங்கலுக்கு என் கதி என்னாவுறதுன்னு பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் பயந்துக்கிட்டே வந்தேன். நீங்க நண்டு சொன்னீங்க, நம்புனேன். மரம் சொன்னீங்க, அதயும் நம்புனேன். வாய்க்காலக் குடிச்சேன்னீங்க, இருக்கும்னு நெனச்சேன். ஆனா ஒரு மொந்தையோட எந்திரிச்சுப் போறேன்னு சொல்றீங்க பாருங்க, அது ரொம்ப ஓவரு. நாப்பது வருஷமா நானும் வீட்டுல அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அம்மா, எனக்கு ஒரு மொந்தை. சம்பந்திக்கு ஒரு வாய்க்கால்."