பெருந்தந்தனும் மொட்டைப் பாறையும்

பனி உறையும் வடகடலில் பெருந்தந்தன் என்றொரு வால்ரஸ் இருந்தான். இரண்டு முழ நீளத்துக்கு இரண்டு தந்தம், துடைப்பம்போல மீசை, மலைபோல உடம்பு. பனிக்கரடிகூட அவனைக் கண்டால் வழியை மாற்றிக்கொண்டு போகும்.

அப்படிப்பட்டவனுக்கு ஓயாத வயிற்றெரிச்சல். தின்ற சிப்பி செரிக்காமல் வந்த எரிச்சல் என்றால் இரண்டு நாளில் போயிருக்கும். இது புள்ளியால் வந்தது.

புள்ளி ஒரு கடல்நாய். பெயரைக் கேட்டு நாலு கால் நாயை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது நீந்தி மீன் பிடித்துத் தின்னும் சாதுவான பிராணி. புள்ளி ஆளும் சிறிசு. ஆனால் அந்தக் கடலில் அவளுக்கு ஒரு பெரிய வேலை இருந்தது.

வடகடலையும் தென்கடலையும் இணைப்பது ஓர் ஒடுக்கமான நீரிணை. இரண்டு பக்கமும் மலை, நடுவே தண்ணீர். பாதி வழியில் மொட்டைப் பாறை ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே வழி இரண்டாகப் பிரியும். மேற்கே போவது ஆழமான வழி, நேரே தென்கடலுக்குப் போகும். கிழக்கே திறந்திருப்பது குருட்டுக்குடா. பார்க்க அகலமாக, அழகாக இருக்கும். ஆனால் உள்ளே போனால் வெளியேற வேறு வாசல் கிடையாது.

குளிர்காலம் வந்தால் வடகடல் முழுவதும் உறைந்துவிடும். அதற்குள் வெள்ளைத் திமிங்கிலங்கள் தெற்கே போயாக வேண்டும். திமிங்கிலம் மீன் இல்லை. மூச்சுவிடத் தண்ணீருக்கு மேலே தலை நீட்டியே ஆக வேண்டும். மேலே பனி மூடிக்கொண்டால் கீழே சாவுதான்.

வருஷாவருஷம் அவற்றைக் கூட்டிக்கொண்டு போவது புள்ளி. தென்கடலைத் தொட்டதும் திமிங்கிலங்கள் எல்லாம் சேர்ந்து அவள் பெயரைச் சொல்லிப் பாடும். அந்தப் பாட்டு மலையில் மோதி, பெருந்தந்தன் படுத்திருக்கும் கரைவரை வரும்.

"கேட்டியா, கேட்டியா! மறுபடி அவ பேருதான்!" என்று பொருமினான் பெருந்தந்தன்.

"பாடிட்டுப் போகட்டுமே! உங்களுக்கு இப்ப என்ன குறைஞ்சு போச்சு?" என்றாள் அவன் மனைவி ஆழி.

"நான் எவ்வளவு பெரிய ஆளு! என் பேரை ஒரு நண்டாவது சொல்லியிருக்கா?"

"நீங்க ஒரு நண்டுக்காவது எதாவது செஞ்சிருக்கீங்களா?"

பெருந்தந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுவருஷம் அவன் ஒரு காரியம் செய்தான். புள்ளி திமிங்கிலங்களை அழைத்துப் போகும்போது ஒளிந்து ஒளிந்து பின்னாலேயே போனான். வெள்ளைப் பாறைச் சுவரை வலப்பக்கம் வைத்துப் போக வேண்டும். இரட்டைத் தலை மலை தெரிந்ததும் நடுநீருக்கு வர வேண்டும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தான்.

மொட்டைப் பாறை வந்தது. "நில்லுங்க!" என்றாள் புள்ளி. நாற்பது திமிங்கிலங்களும் நின்றன. அவள் மட்டும் பாறைமேல் ஏறி உட்கார்ந்து குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகுதான் "இப்போ வாங்க, மேற்கே!" என்றாள்.

'அடேயப்பா! நாற்பது பேரைக் காக்கவைத்துவிட்டுத் தண்ணீரில் தன் அழகைப் பார்த்து ரசிக்கிறாளே! என்ன திமிர்!' என்று பெருந்தந்தன் பல்லைக் கடித்தான். வழி இவ்வளவுதானே, நின்று நேரத்தைப் போக்காமல் நான் இன்னும் வேகமாகக் கூட்டிப் போவேனே என்று எண்ணிக்கொண்டான்.

அடுத்த வருஷம் குளிர் முந்திக்கொண்டது. பெருந்தந்தன் புள்ளியிடம் போனான்.

"ஏ புள்ளி! திமிங்கிலங்க வர இன்னும் பத்து நாள் ஆகுமாம். நீ வடக்கு முனைக்குப் போய் நிம்மதியா மீன் பிடிச்சுத் தின்னு!"

"அப்படியா அண்ணே? நல்லவேளை சொன்னீங்க!" என்று புள்ளி போய்விட்டாள்.

மறுநாளே திமிங்கிலங்கள் வந்தன. தலைவி பாலம்மை அவசரத்தில் இருந்தாள். அவள் பின்னால் பனி துரத்திக்கொண்டு வந்தது.

"புள்ளி எங்கே?" என்றாள்.

"அவளுக்கு இதெல்லாம் அலுத்துப் போச்சாம். என்னைக் கூட்டிப் போகச் சொன்னா."

பாலம்மைக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் நின்று யோசிக்க நேரமும் இல்லை. "சரி, புறப்படுங்க!" என்றாள்.

கரையில் இருந்து ஆழி இதைப் பார்த்தாள். புருஷன் என்ன செய்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. உடனே வடக்கு முனைக்கு நீந்தினாள்.

வெள்ளைச் சுவர் சரியாக வந்தது. இரட்டைத் தலை மலை சரியாக வந்தது. பெருந்தந்தன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நீந்தினான். மொட்டைப் பாறையும் வந்தது.

"இங்கே புள்ளி நிப்பாளே!" என்றாள் பாலம்மை.

"அவ நிப்பா! நான் எதுக்கு நிக்கணும்? வாங்க, மேற்கே!"

மேற்கேதான் திரும்பினார்கள். ஆனால் தண்ணீர் கிழக்கே இழுத்தது! எத்தனை உதைத்தாலும், எத்தனை துடுப்படித்தாலும், நீரோட்டம் எல்லோரையும் வாரிக்கொண்டு போய்க் குருட்டுக்குடாவுக்குள் தள்ளியது. பின்னாலேயே பனிப்பாளங்களும் வந்து வாசலை அடைத்தன. தலைக்குமேல் பனி மூடிக்கொண்டது.

"மூச்சு! மூச்சுவிட இடம் இல்லையே!" என்று திமிங்கிலங்கள் அலறின. பாலம்மையின் குட்டி மூச்சுக்குத் துடித்தது.

பெருந்தந்தன் மேலே பாய்ந்தான். தலையால் முட்டி, தந்தத்தால் குத்தி, பனியில் ஓர் ஓட்டை போட்டான். நாற்பது திமிங்கிலங்கள் ஓர் ஓட்டைக்கு முண்டின.

அந்த நேரத்தில் ஆழி வடக்கு முனையில் புள்ளியைக் கண்டுபிடித்திருந்தாள்.

"அவர் உன் வேலையைப் பிடுங்கிக்கிட்டுப் போறார், புள்ளி!"

புள்ளி கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணி, அண்ணனுக்குப் பாறையில எதுக்கு நிக்கணும்னு தெரியுமா?"

"தெரியாதே! நீ அழகு பாக்கத்தான் நிக்கிறேன்னு சொன்னாரே!"

புள்ளி அம்பாகப் பாய்ந்தாள். நேரே குருட்டுக்குடாவுக்குத்தான் போனாள். மற்றவர்களை இழுத்துப்போன அதே நீரோட்டம் அவளையும் வாசலை அடைத்த பனிப்பாளங்களுக்கு அடியில் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவளைக் கண்டதும் பெருந்தந்தன் தலை தொங்கியது. "புள்ளி, நான்..."

"சண்டை அப்புறம் போட்டுக்கலாம் அண்ணே! முதல்ல மூச்சு!" என்றாள் புள்ளி. பனிக்கு அடியில் நீந்தி, வெளிச்சம் அதிகமாகத் தெரியும் மெல்லிய இடமாகத் தேடினாள். "இங்கே முட்டுங்க! அடுத்தது இங்கே!"

அவள் காட்டிய இடமெல்லாம் அவன் முட்டினான். ஒன்பது ஓட்டை போட்டான். பத்தாவது போடும்போது 'படார்' என்று வலப்பக்கத் தந்தம் முறிந்து கடலுக்குள் விழுந்தது. வாயெல்லாம் ரத்தம். அவன் நிறுத்தவில்லை. குட்டி முதலில் மூச்சுவிட்டது. பிறகு பாலம்மை, பிறகு மற்றவர்கள்.

புள்ளி கீழே பாறையில் வளர்ந்திருந்த நீளமான கடற்பாசியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அங்கே என்ன பாக்கிறே?" என்றான் பெருந்தந்தன்.

"பாசி குடாவுக்குள்ளே சாய்ஞ்சிருந்தா ஓட்டம் உள்ளே வருது. அரைநாளுக்கு ரெண்டு தடவை ஓட்டம் மாறும். மாறினா பாசி வெளிப்பக்கம் சாயும். மொட்டைப் பாறையிலயும் இதைத்தான் பாப்பேன்."

பெருந்தந்தனும் குனிந்து பாசியைப் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் பாசி நிமிர்ந்தது. பிறகு மெல்ல வெளிப்பக்கம் சாய்ந்தது. தண்ணீர் குடாவை விட்டுப் புறப்பட்டது. பனிப்பாளங்களும் அதோடு நகர்ந்து வாசல் திறந்தது. "இப்போ! மேற்கே!" என்று புள்ளி கூவினாள். நாற்பது திமிங்கிலங்களும் ஒன்று குறையாமல் தென்கடலைத் தொட்டன.

பாலம்மை பெருந்தந்தனை நேராகப் பார்த்தாள். "நீ சொன்ன பொய்யை மறக்க மாட்டோம். நீ கொடுத்த மூச்சையும் மறக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பும் வழியில் பெருந்தந்தன் மொட்டைப் பாறையில் வந்து விழுந்தான். "திட்டு புள்ளி! நல்லாத் திட்டு! உன்மேல பொறாமைப்பட்டுத்தான் இத்தனையும் செஞ்சேன்!"

புள்ளி அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "எப்படித் திட்டுவேன் அண்ணே? பனிக்கரடிக்குப் பயந்து நான் ஒருநாள்கூடக் கண்ணை மூடித் தூங்கினதில்லை. நீங்க ரெண்டு தந்தத்தை வெச்சுக்கிட்டு, கரையில குறட்டை விட்டுத் தூங்குவீங்க. அதைப் பாத்துப் பாத்து நானும் வயிறு எரிஞ்சிருக்கேன். அந்தத் தந்தத்தில ஒண்ணு எனக்கு இருந்தாப் போதுமேன்னு தினமும் நினைப்பேன்!"

பெருந்தந்தன் முறிந்த தந்தத்தின் அடியை நாக்கால் தடவிப் பார்த்தான். "நீ ஆசைப்பட்ட தந்தத்தை, உன்மேல பொறாமைப்பட்டே உடைச்சுக்கிட்டேனே!" என்று விம்மி விம்மி அழுதான்.

பிறருக்குக் கிடைக்கும் புகழை மட்டும் பார்த்துப் பொறாமைப்படுகிறவன், அவர்கள் படும் பாட்டையும் அறியமாட்டான். தன்னிடம் உள்ள செல்வத்தையும் இழந்த பிறகே அறிவான்.