ராஜாவின் பலகணி

முன்னொரு காலத்தில், வெயிலுக்குப் பேர்போன பாலூற்று நாட்டைக் கனகசேகரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நாட்டை ஆண்டான் என்பதைவிட, மந்திரி சேந்தனாரை ஆட்டிவைத்தான் என்பதே சரி.

கொலுமண்டபத்தில் புழுக்கம் என்றான். சேந்தனார் ஒரு பக்கச் சுவரை இடித்துத் திறந்துவிட்டார். "வருகிறவன் போகிறவன் எல்லாம் என்னைப் பார்க்கிறானே!" என்று கத்தினான். திரை போட்டார். "காற்று எங்கேயய்யா?" என்றான். பாவம், மந்திரி தலையில் அடித்துக்கொண்டார். சபையில் ஆள் இருந்ததால் மனசுக்குள்தான்.

ராஜாவின் கவலையும் பொய்யில்லை. மதியம் ஆனால் கிரீடம், பட்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, விசிறிக் காம்பால் முதுகு சொறிந்துகொண்டிருப்பான். அதைக் குடிமக்கள் பார்க்கலாமா?

கடைசியில் சேந்தனார், சல்லடைபோல நெருக்கமாகத் துளையிட்ட கல் பலகணி ஒன்றை அங்கே பொருத்தினார். காற்று குளுகுளுவென்று வந்தது. அப்பாடா என்று அவர் உட்காரவில்லை, அரண்மனை அதிகாரி அளகேசன் வந்துவிட்டான். மந்திரி பதவிமேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

"மகாராஜா! ஒரு ஓட்டை போதாதென்று மந்திரியார் ஆயிரம் ஓட்டை போட்டிருக்கிறார். வெளியே நின்றால் தங்கள் திருமேனி அப்பட்டமாகத் தெரிகிறது!"

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சேந்தனாரே, இது உண்மையானால் முத்திரை மோதிரத்தை வைத்துவிட்டு இன்றே நாட்டைவிட்டுப் போய்விடும்!"

சேந்தனாருக்கு எரிச்சல் பொங்கியது. "தேனடைகூட முழுக்க ஓட்டைதான், மகாராஜா. அதற்காக யாரும் தேனீயை நாடுகடத்துவதில்லை. அளகேசர் வெளியே நின்று, தாங்கள் உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று சொல்லட்டுமே."

அளகேசன் போய் நின்றான். வெளியே வெயிலில் கண் கூசியது. பலகணிக்குள் ஒரே இருட்டு. தெரியவில்லை என்றால் குட்டு உடைந்துவிடுமே! தினமும் பாடுகிற பாட்டையே எடுத்துவிட்டான்.

"ஆகா, தெரிகிறது! கிரீடம் மின்ன, சிங்காசனத்தில் சிங்கம்போல வீற்றிருந்து, குடிமக்களின் குறைகளை எண்ணி நெற்றி சுருக்குகிறார் மகாராஜா!"

அந்த நேரம் ராஜா பலகணிக்கு உட்புறம், அவன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, வெற்று மார்போடு நாக்கைத் துருத்திப் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அடப் புளுகா!" மண்டபமே அதிர்ந்தது. "இனிமேல் மத்தியானம் முழுக்க நீ வெளியேதான் காவல். நான் என்றைக்கு உன் கண்ணுக்குத் தெரிகிறேனோ, அன்றைக்கு உள்ளே வா!"

சேந்தனார் கழுத்தில் முத்துமாலை விழுந்தது. அவர் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் ராஜா தொடங்கிவிட்டான்.

"அருமையான வேலை, மந்திரியாரே! என் படகுக்கும் அடியில் இதேபோல ஓட்டை போட்டுவிடும். காற்று வரட்டும்."

சேந்தனார் கண்ணை மூடித் திறந்தார். "ஆகட்டும், மகாராஜா. வெள்ளோட்டத்துக்கு அளகேசரை ஏற்றிவிடலாம். தண்ணீர் கழுத்துக்கு வந்தாலும் 'பிரமாதம்' என்றே சொல்வார்."

ராஜா கொஞ்சம் யோசித்தான். படகுப் பேச்சை விட்டுவிட்டான்.

"சரி, மழைக்குப் பிடிக்கிற குடையில்?"

இந்தத் தடவை சேந்தனார், சபை பார்க்க, நிஜமாகவே தலையில் அடித்துக்கொண்டார்.