காற்றிலிருந்த கரியைப் புதைத்த இருளாயி

கீழமுள்ளூரில் கருவேல முள்ளை மூட்டமாக அடுக்கி, மண்மூடி எரித்துக் கரியாக்கிப் பிழைத்தவள் இருளாயி. ஊர்த்தலைவர் வன்னியமுத்து அவளை விரட்டச் சாக்குத் தேடிப் பஞ்சாயத்தைக் கூட்டினார்.

"உன் மூட்டத்தால காத்துல கரி ஏறுது. அதைப் பிடிச்சு மண்ணுல புதை. இல்லேன்னா ஊரைவிட்டுக் கிளம்பு."

இருளாயி துள்ளி எழுந்தாள். தன் மிளகாய்ச் செடிகளுக்காகச் சாணிக்கரைசலில் ஊறவைத்திருந்த கரியைக் கூடையோடு கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் புதைத்தாள்.

"இது முள்ளுக்கரி. காத்துலயா பிடிச்சே?" என்று சிரித்தார் தலைவர்.

"காத்துல இருந்த கரியைக் குடிச்சுத்தானே ஐயா முள்ளு வளர்ந்துச்சு? கரியாக்கிப் புதைச்சா, பாதியாவது மண்ணுலயே தங்கும். வெட்டவெளியில கொளுத்துனா அத்தனையும் காத்துக்கே போயிரும். அதோ, அங்க எரியுறது யாரு வயல் முள்ளுங்கய்யா?"

கூட்டமே திரும்பியது. தலைவரின் வயலில் பனைமர உயரத்துக்குப் புகை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைவரே தண்ணீர்க் குடத்தோடு ஓடினார். மறுநாள் அவருடைய மிச்ச முள்ளெல்லாம் வண்டியேறி இருளாயியின் மூட்டத்துக்கு வந்து இறங்கியது.