செத்துப்போன ரைடு

மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் தேவவரம், தன் ரைடு சிம்பலை, அந்தப் பெரிய வெண்கலத் தட்டை, துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்க்கப் போனார்.

மாஸ்டரின் பெயர் பெனடிக்டா. தேவவரத்தைவிட வயதில் மிகவும் இளையவர். கேள்வி ஞானத்திலேயே காலத்தை ஓட்டிய தேவவரம், தலை நரைத்த பிறகுதான் அவரிடம் முறையாகக் கற்கச் சேர்ந்தார். இவர் மாஸ்டர் என்பார், அவர் அண்ணே என்பார். தப்பாக அடித்தால் மாஸ்டர் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவாரா என்று குழுவில் கேலி செய்வார்கள்.

பெரம்பூரில் ஒரு டயர் கடைக்கு மேலே வகுப்பு. தேவவரம் போனபோது மாஸ்டர் சாப்பிட்ட டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இது செத்துடுச்சு மாஸ்டர்."

டிரம்ஸ்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். விளிம்பில் விரிசல் விழுந்து ரீங்காரம் போய்விட்டால் சிம்பல் செத்துவிட்டது.

ரைடில் இரண்டு ஒலிகள் உண்டு. முன்னால் குச்சி முனையின் டிங். பின்னால் புகைபோல விரியும் ரீங்காரம். ஒன்றை மற்றது மூடக்கூடாது. தேவவரத்தின் ரைடு அதற்குப் பேர்போனது. இப்போது மரத்தைத் தட்டுவதுபோல் இருக்கிறது என்றார். பின்னால் எதுவுமே வருவதில்லையாம். அதனால் ஓங்கி அடித்திருக்கிறார். பாடுகிறவர்கள் முகம் சுளித்திருக்கிறார்கள். குழுத்தலைவர் அகஸ்டின், சனிக்கிழமை கல்யாண வரவேற்புக்கு மின்சார ரிதம் பேடு போதும், நீங்கள் ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

"நல்ல ரைடு ஒண்ணு சொல்லுங்க மாஸ்டர். சனிக்கிழமைக்குள்ள அவர்கிட்ட அடிச்சுக் காட்டணும். இந்த டிரம்ஸ் ஸ்டூல விட்டா எனக்கு உட்கார வேற இடம் இல்ல."

மாஸ்டர் சிம்பலை எடுத்து விளிம்பு முழுக்க நகத்தால் தடவினார். விரிசல் இல்லை. திருப்பினார்.

அடிப்பக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஒன்றல்ல, பட்டை பட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக. ஓசையை அடக்க அப்படி ஒட்டுவது உண்டு; ஒரு விரல் பட்டாலே அடங்கிவிடும் ஓசை அது.

"நீங்க ஒட்டினதா அண்ணே?"

தேவவரம் இல்லை என்றார். வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பாவிப் பசங்க. நான் என் காதுதான் போச்சோன்னு..."

காது என்று அவர் சொன்னது அன்றுதான் முதல்முறை. மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

கீழே டயர் கடையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கி வந்து, பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்துப் பசையைத் துடைத்தார். தேவவரம் பேசிக்கொண்டே இருந்தார். கீபோர்டு ரூபன்தான் ஒட்டியிருப்பான், கோட்டைப் போட்டுக்கொண்டால் தன்னைக் கண்டக்டர் என்று நினைத்துக்கொள்கிறவன் அவன், பஸ் கண்டக்டர் என்றார். அகஸ்டினிடம் முதல் அடியிலேயே காட்டிவிட வேண்டும் என்றார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

சிம்பலை ஸ்டாண்டில் மாட்டிக் குச்சியை நீட்டினார்.

"நீங்களே அடிங்க."

தேவவரம் அடித்தார். பேச்சை நிறுத்தினார். மறுபடி அடித்தார். நடுவில் இருந்த குமிழில் அடித்தார்.

"பசை இன்னும் இருக்கு மாஸ்டர்."

மாஸ்டர் இன்னொரு முறை துடைத்தார். தேவவரம் அடித்தார்.

"வேற ஒண்ணு போடுங்க."

மாஸ்டர் தன்னுடைய ரைடை மாட்டினார். மெல்லிய தகடு, தொட்டாலே பேசும். தேவவரம் ஒருமுறை அடித்துவிட்டுக் குச்சியை மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாமே செத்துடுச்சா மாஸ்டர்?"

மாஸ்டர் தன் ரைடைக் கழற்றிவிட்டு, தேவவரத்தினுடையதைத் திரும்ப மாட்டினார். அவர் மடியிலிருந்த குச்சியை எடுத்து ஒரே ஒரு முறை அடித்தார். அடித்த இடத்திலேயே நின்றார்.

தேவவரம் சிம்பலைப் பார்க்கவில்லை. மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். அது தூரத்தில் யாரோ போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகமாக இருந்தது.

"இருக்கா?"

"இருக்கு."

மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. அதன் ஓசையும் தன்னிடம் வரவில்லை என்பது தேவவரத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"இப்ப?"

"இருக்கு அண்ணே."

அவர் எழுந்தார். கிட்டே போய்க் காதை நீட்டினார். மற்றக் காதையும் நீட்டினார். பிறகு, சூடான பாத்திரத்தைத் தொடுகிறவர்போல, ஒரு விரலை விளிம்பில் வைத்தார்.

விரல் நுனியில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஏதோ ஒன்று ஓடியது. தேவவரத்தின் முகம் மலர்ந்தது.

"இருக்கு மாஸ்டர்."

மாஸ்டர் அவருடைய விரலைப் பார்த்தார்.

"இருந்துச்சு அண்ணே."