முதலாளி மிதித்த பலகை

குன்னூர் மழையில் சகாயமேரி வீட்டின் பலகைத் தரை இற்றுப்போனது. தேயிலைக் கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தோடு, தேக்குக்குத் தள்ளுபடி அறிவித்திருந்த மரக்கடைக்குப் போனாள். தேக்கு என்று காட்டிய பலகையைத் தொட்டதும் விரலில் சாயம் ஒட்டியது.

“இது தேக்கு மாதிரி இல்லீங்களே?”

முதலாளி வேதமாணிக்கம் சீறினார். “கொழுந்து பறிக்கிறவளுக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? வருஷக்கணக்கா நான் மிதிக்கிற இந்தக் கடைத் தரையைவிட இது உசத்தி!”

“அப்போ உசத்தியை நீங்களே போட்டுக்கங்க. நீங்க மிதிச்ச பழசை இதே விலைக்குப் பெயர்த்து எடுத்துக்கிறேன்.”

“ஐயையோ, அது அசல் தேக்காச்சே!” என்று பதறிவிட்டார் முதலாளி.

கடையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். வேறு வழியில்லாமல், கிடங்கிலிருந்த அசல் தேக்கை அதே தள்ளுபடி விலைக்குக் கொடுத்தார். அடுத்த மழையில் சகாயமேரியின் பிள்ளைகள் புதுத் தரையில் உருண்டு புரண்டு விளையாடினார்கள்.