எந்த வள்ளம்?

“இந்த ஊர்த் தாய்மாருக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏற மாட்டேங்குது” என்றாள் உமையாள்.

ரெமிஜியா நெத்திலிக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

உமையாள், குழந்தைகளின் சத்துணவு பற்றி வகுப்பெடுக்க வெளியூரிலிருந்து வந்த டீச்சர். வயது ஐம்பத்து நான்கு. ரெமிஜியா இந்தக் கடற்கரையில் கருவாடு போடுகிறவள். முப்பத்தொன்று. ஆனாலும் ஊரில் எது புரியாவிட்டாலும் உமையாள் வந்து நிற்பது இவளிடம்தான். குரு சின்னவள், சிஷ்யை பெரியவள். என்ன செய்வது, அப்படி அமைந்துவிட்டது.

“யாரு கேக்கல?”

“புஷ்பரதி. பிள்ளைக்கு ரெண்டு வயசு, எடை ஏழரைக் கிலோ. நெத்திலியை வறுத்து, முள்ளோட பொடிச்சு, கஞ்சியில கலந்து குடுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். வகுப்புக்கு வீட்டுலேருந்து ஆளுக்கு ஒரு கை மீன் கொண்டாரச் சொன்னேன். எல்லாரும் கொண்டாந்தாங்க. இவ மட்டும் வெறுங்கையோட வந்து, மறந்துட்டேன்னு நிக்கிறா.”

“நீங்க என்ன சொன்னிய?”

“கடலை வாசல்ல வச்சுக்கிட்டுப் பிள்ளையக் காயப் போடுறியே, நீயெல்லாம் ஒரு தாயான்னு கேட்டேன். அதோட வகுப்புக்கே வர்றதில்ல.”

“எத்தன பேரு இருந்தாவ?”

“இருபது பேரு.”

ரெமிஜியா ஓர் அலுமினியச் சட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

“நாளைக் காலையில வள்ளம் கரையேறும்போது போயி, கறிமீன் வாங்கிட்டு வாங்க. துட்டு கொண்டு போகாதிய.”

கறிமீன் விற்பனைக்குப் போகாத மீன். வள்ளத்தில் கடலுக்குப் போனவர்கள், வீட்டுக் குழம்புக்கென்று அவரவர் பெண்கள் நீட்டும் சட்டியில் அள்ளிப் போடுவது.

உமையாள் போனாள். பெண்களோடு பெண்ணாக நின்று சட்டியை நீட்டினாள்.

மீன் அள்ளியவன் சட்டியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

“எந்த வள்ளம்?”

மரியாதையாகத்தான் கேட்டான். ஆனால் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

உமையாள் ஏதோ முனகினாள். சட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். காது இரண்டும் எரிந்தன.

“மீன் எங்க?” என்றாள் ரெமிஜியா.

“எந்த வள்ளம்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னிய?”

“சும்மா பாக்க வந்தேன்னு பொய் சொன்னேன்.”

ரெமிஜியா கருவாட்டைப் புரட்டினாள்.

உமையாளே கேட்டாள்.

“புஷ்பரதி புருஷன் எந்த வள்ளம்?”

“எந்த வள்ளமும் இல்ல. ஐப்பசியில முதுகுல அடிபட்டுப் படுத்தவன், இன்னும் எந்திரிக்கல.”

உமையாள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கரையில் பட்ட வெட்கம் ஒன்றுமேயில்லை என்று ஆகிவிட்டது. தன் வாயில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“அடுத்த வகுப்புல மீனை நானே வாங்கி அவ கையில குடுத்துடறேன்.”

“இருபது பேரு முன்னாடியா?”



அன்று மத்தியானம், ரெமிஜியாவிடம் வாங்கிய நெத்திலிப் பொடியைப் பைக்குள் அடியில் வைத்துக்கொண்டு புஷ்பரதி வீட்டு வாசலில் போய் நின்றாள். எதிரே குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள். குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

புஷ்பரதி கதவை ஒருக்களித்துத் திறந்தாள். இடுப்பில் பிள்ளை. டீச்சரைக் கண்டதும் அதன் குச்சிக் கால்களைச் சேலையால் மூடினாள்.

“அன்னைக்கு நான் பேசினது தப்பு, தாயி. உன் வீட்டு நிலைமை தெரியாம...”

ஐம்பத்து நான்கு வயதில், நடுத்தெருவில், உமையாளுக்கு அழுகை வந்துவிட்டது.

புஷ்பரதி குழாயடிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். சட்டென்று டீச்சரின் கையைப் பிடித்தாள்.

“உள்ள வாங்க டீச்சர். நாலு பேரு பாக்காவ” என்று இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.