துளசிமணி சொன்ன பதில்

"மேடம், துளசிமணியை இனிமே நீங்களே பாத்துக்கங்க. எனக்கு இந்த வேலை சரிப்பட்டு வராதுங்க."

சொன்னவர் சென்னியப்பன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் மனநல ஆலோசனை படித்து, ஈரோட்டில் ஒரு கிளினிக்கில் சேர்ந்திருந்தார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் வெண்ணிலா. அவருக்குப் பயிற்சி தருகிறவர். சென்னியப்பனின் மகளைவிட வயதில் சின்னவர். ஆனாலும் மனுஷர் அவர் முன்னால் நாற்காலி நுனியில்தான் உட்காருவார். அந்த அறையில் அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல், 'சரிங்க மேடம்'.

"என்னாச்சுங்க சார்?"

"பயிற்சி செய்ய மாட்டேன்னுட்டாங்க."

"எந்தப் பயிற்சி?"

"நீங்க சொன்னதுதானுங்க. தினமும் யார்கிட்டயாவது 'முடியாது'ன்னு சொல்லிப் பழகறது."

துளசிமணி ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நிற்பவர். யார் என்ன கேட்டாலும் மறுக்கத் தெரியாதவர். கடையில் மற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமை வேலையும் அவர் தலையில், வீட்டில் நாத்தனாரின் பிள்ளைகளும் அவர் தலையில். தூக்கம் போய், நெஞ்சு படபடக்கிறது என்று வந்தவர்.

"இதுவரைக்கும் செஞ்சுட்டுத்தானே இருந்தாங்க?"

"அப்படித்தானுங்க சொன்னாங்க. வாராவாரம் 'சரிங்க சார்'னு தலையாட்டிட்டுப் போவாங்க. என்ன ஒரு ஒத்துழைப்புன்னு எனக்கே பெருமையா இருந்துச்சு."

வெண்ணிலாவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"இன்னைக்கு?"

"நாத்தனார்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாருங்கன்னேன். கைப்பையை மடியில வெச்சுட்டு, என் முகத்தைப் பாத்து, 'முடியாதுங்க சார்'ங்கறாங்க."

"சத்தம் போட்டா?"

"மெதுவாத்தானுங்க. நானும் விடல. ஏன் செய்யணும்னு ஒரு பாடமே நடத்தினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, 'முடியாதுங்க சார். செஞ்சேன்னு இத்தனை நாளா பொய்தான் சொன்னேன்'னாங்க. என் சர்வீஸ்ல எந்தப் பிள்ளையும் என்னை இப்படி எதிர்த்ததில்லீங்க."

"அப்புறம்?"

"'அடுத்த வாரம் வரட்டுங்களா'ன்னு கேட்டாங்க. மேடத்தைக் கேட்டுச் சொல்றேன்னு அனுப்பிட்டேன்."

வெண்ணிலா போனை எடுத்து எதிரே இருந்த பேக்கரியைக் கூப்பிட்டார்.

"அண்ணா, கால் கிலோ மைசூர்பா அனுப்புங்க."

சென்னியப்பனுக்கு எரிச்சலாக இருந்தது. நான் வேலையை விடப் போகிறேன் என்கிறேன், இந்தப் பெண் இனிப்பு வாங்குகிறதே என்று.

"என்னங்க மேடம் விசேஷம்?"

"துளசிமணி முடியாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அதைத்தானுங்க நானும்..."

சொல்ல வந்தவரின் வாய் திறந்தபடியே நின்றது.

மைசூர்பா வந்தது. வந்த பிறகும் அவர் வாயை மூடவில்லை. பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் யாரும் பார்த்திராத சிரிப்பு.

சிரித்து முடித்ததும் முகம் சுருங்கியது.

"மேடம், ஒண்ணு சொல்லலாங்களா?"

"சொல்லுங்க சார்."

"இந்தப் பயிற்சியை நீங்க சொன்னப்பவே எனக்குத் தோணுச்சு. மறுக்கத் தெரியாதவங்களை மறுக்கச் சொன்னா, அதுக்கும் சரின்னுதானே சொல்லிட்டுப் போவாங்கன்னு."

"ஏங்க அப்பவே சொல்லல?"

"உங்ககிட்ட எப்படிங்க மேடம் சொல்றது..."

வெண்ணிலா அவரைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"தப்பு என்னோடதுங்க சார். நீங்க 'சரிங்க'ன்னு சொல்லச் சொல்ல, எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு."

இருவரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.

"சரி சார். நீங்க கேட்டபடியே ஆகட்டும். அடுத்த வாரத்துல இருந்து துளசிமணியை நானே பாத்துக்கறேன்."

'சரிங்க' என்று சொல்லப் பழக்கத்தில் வாயெடுத்தார் சென்னியப்பன். நிறுத்திக்கொண்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"முடியாதுங்க மேடம். இப்பவே போன் போட்டு அடுத்த வாரம் வரச் சொல்றேன். அவங்களை நான்தான் பாப்பேன்."

மெதுவாகத்தான் சொன்னார்.

வெண்ணிலா மறுபடியும் பேக்கரியைக் கூப்பிட்டார்.

"அண்ணா, இன்னொரு கால் கிலோ."